பிரெஸ்ஸாகப் போனேன், தாய்மாமனாகத் திரும்பினேன்

புதுச்சேரியில் வண்டிக்கு முன்னால் ‘பிரெஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் செய்தி எழுத உட்கார்ந்தால், வீட்டுக்கு ஒரு நாளிதழ் வரும். கறிக்கடைக்காரர் வண்டியில் பிரெஸ். சீட்டு வசூலுக்கு வருகிறவர் வண்டியில் பிரெஸ். எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியில் முன்னாலும் பின்னாலும் பிரெஸ். (பின்னால் இருப்பதில் எழுத்துப் பிழை.) போலீஸ் மறித்தால் இவர்கள் கையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நிஜமாகவே பத்திரிகையில் வேலை பார்த்த நான், ஒரு பள்ளிக்கூடக் கபடிப் போட்டிக்குள் நுழைய முடியாமல் பட்ட பாடு இருக்கிறதே, அதை நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

அப்போது ஒரு மாலைப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேர்ந்திருந்தேன் என்பது கொஞ்சம் அதிகம், ஒட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களில் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. அடையாள அட்டை கேட்டால் எடிட்டர், “மொதல்ல நீ ரிப்போர்ட்டர்னு நிரூபி, அப்புறம் அட்டை” என்பார். அட்டை இல்லாவிட்டால் எவனும் உள்ளே விட மாட்டான், உள்ளே போகாமல் எதை நிரூபிப்பது என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

“சரவணா, உப்பளம் கிரவுண்டுல இன்னிக்கி ஸ்கூல் பொண்ணுங்க கபடி பைனல். உள்ள போய் ஒக்காந்து ஆட்டத்தப் பாத்து எழுதினு வா. வெளிய நின்னு எவனையாவது கேட்டு எழுதினன்னு தெரிஞ்சுது, அப்படியே வூட்டுக்குப் போயிடு.”

என் முதல் பெரிய வேலை. அம்மா நெற்றி நிறையப் பட்டையாகத் திருநீறு பூசி அனுப்பினாள். நானும் அப்பாவின் ஸ்கூட்டரில் ஒரு ‘பிரெஸ்’ ஒட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மைதான வாசலில் நின்றவர் ஒரு சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். போட்டி நடத்துகிற கமிட்டிக்கு அவர்தான் தலைவர். தலைவர் மேடையில் உட்கார வேண்டியதுதானே? ஊஹூம். வேறு யாரையும் நம்பாமல் கேட்டைத் தானே காத்துக்கொண்டிருந்தார். நான், “சார், பிரெஸ்” என்றேன். அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“வாய்யா, வா! காலைலேர்ந்து ஒனக்குத்தான் காத்துனு கீறோம்!”

தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். மோர் கொடுக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகைக்கு இந்த ஊரில் இத்தனை மரியாதையா என்று நான் இரண்டாவது டம்ளர் மோரை வாயில் வைத்தபோது அவர் கேட்டார்:

“சர்டிபிகேட் எங்க?”

“எந்த சர்டிபிகேட் சார்?”

“அட, ஜெயிச்ச பொண்ணுங்களுக்குக் குடுக்கறது. நீ பிரெஸ்லேர்ந்துதான வர?”

அவர் காத்திருந்தது அச்சாபீஸ்காரனுக்கு. நான் செய்தி எழுத வந்தவன் என்றதும், குடிக்கிற டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கினார். (நான் பார்த்த மனிதர்களில் கொடுத்த மோரைத் திரும்ப வாங்கியவர் அவர் ஒருவர்தான்.)

“அட்டை காட்டு.”

“இன்னும் தரல சார்.”

“நோன்! நோன்!” கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடும். “போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் பிரெஸ்ஸுன்னு வந்து, பொண்ணுங்க ஆடறத செல்லுல புடிச்சி, பாட்டுப் போட்டு ஊர் முழுக்க அனுப்பிட்டான். பெத்தவங்க வந்து என் சட்டையப் புடிச்சாங்க. பெத்தவங்க, சொந்தக்காரங்க தவிர ஒரு ஆம்பள உள்ள வரக் கூடாது. அலே, அலே!”

கோழி விரட்டுவதுபோல் விரட்டி வெளியே விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் பழைய டீத்தூளை மறைக்கிறான் என்று நினைக்கிறவன். பத்திரிகைக்காரனை உள்ளே விட மறுத்தால் சும்மா இருப்பேனா? உள்ளே ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று முடிவு கட்டினேன்.

வாசலிலேயே சாட்சியும் கிடைத்தது. இறுதிப் போட்டிக்கு வந்திருந்த இரண்டு அணிகளுக்கும் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். நீலச் சட்டை அணியின் நடுவில் கேப்டன் ரெஜினா, ஏழாம் நம்பர். மற்ற பெண்களைவிட ஒரு தலை உயரம். இவளா பிளஸ் டூ படிக்கிறாள்? கண்டிப்பாக வயதை மறைத்து ஆள் இறக்கியிருக்கிறார்கள்! தலைப்புகூட யோசித்துவிட்டேன். எப்படியாவது உள்ளே போயாக வேண்டும்.

பெற்றோர் வருவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன கேட். அங்கே கமலா டீச்சர் என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“யாருக்கு வந்திருக்கீங்க?”

“ரெஜினாவுக்கு.”

“நீங்க அவளுக்கு என்ன வேணும்?”

அப்பா என்று சொல்கிற வயது இல்லை. அண்ணன் என்றால், டீச்சருக்கு அவள் வீட்டுப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும். வாயில் வந்தது, “மாமா.”

“மாமான்னா? எந்த மாமா?” டீச்சர் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். நம் மொழியில் மாமா என்ற சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தம்! அத்தை புருஷன் மாமா, மாமியார் புருஷன் மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மாமா. நான் சொல்லக் கூசுகிற ஒரு மாமாவும் உண்டு. டீச்சர் அந்தக் கடைசி மாமாவை நினைக்கிறாரோ என்று பதறி, “தாய்மாமன் டீச்சர்! அம்மா கூடப் பொறந்த சொந்தத் தாய்மாமன்!” என்று கத்தினேன்.

டீச்சர் முகம் அப்படியே மாறியது.

“தாய்மாமனா! நல்ல நேரத்துல வந்தீங்க சார். எல்லாப் பொண்ணுக்கும் வீட்லேர்ந்து ஆள் வந்திருக்கு, பாவம், ரெஜினாவுக்கு மட்டும் யாரும் வரல. அவங்க அப்பா கடலுக்குப் போயிருக்காராம். அம்மாவுக்கு நம்ம மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில ஷிப்ட். வாங்க, வாங்க!”

ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் மைக் அலறியது: “ஆட்டம் தொடங்கும் முன் வீராங்கனைகளுக்கு அவர்களது பெற்றோர் மாலை அணிவிப்பார்கள். கேப்டன் ரெஜினாவுக்கு அவரது தாய்மாமன் மாலை அணிவிப்பார்!”

கை தட்டினார்கள். ஒரு சம்பங்கி மாலையோடு அந்தப் பெண்ணுக்கு எதிரில் போய் நின்றேன். பக்கத்தில் பார்த்தால் இன்னும் உயரம். அவள் குனியவில்லை.

“யாரு நீ?” என்றாள், உதடு அசையாமல்.

“பிரெஸ்” என்றேன், அதே மாதிரி.

“எனக்கு மாமாவே இல்ல.”

“தெரியாதும்மா. கொஞ்சம் குனி, எல்லாரும் பாக்கறாங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். அதிலும் எதிரணி பி.டி. மாஸ்டர் ஞானசேகர் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. நேராக என்னிடம் வந்தார்.

“ரெஜினாவுக்குத் தாய்மாமனா நீங்க?”

“ஆமாங்க.”

“உங்க அக்கா பேரு இன்னா?”

“அக்காவ நாங்க பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல சார். மரியாதை.”

“எங்க வேலை பாக்கறாங்க?”

“மேட்டுப்பாளையத்துல.” (அப்பாடா, டீச்சர் சொன்னது.)

“எந்தக் கம்பெனி?”

“பெரிய கம்பெனி சார்.”

“பொண்ணு பேரு ரெஜினா. கிறிஸ்டியன் குடும்பம். தாய்மாமன் நெத்தியில எப்படிய்யா பட்டை?”

கை தானாக நெற்றிக்குப் போனது. அம்மா பூசியது அழியவும் இல்லை. ஞானசேகர் மைதானமே கேட்கும்படி கத்த ஆரம்பித்தார்: “சொல்தா முசியே! இங்க வாங்க! இவன் டூப்பு மாமா! மாமன் டூப்புன்னா பொண்ணும் டூப்பு! ரெஜினாங்கற பேர்ல வேற எவளையோ எறக்கிட்டாங்க! உயரத்தப் பாருங்க, இது ஸ்கூல் பொண்ணா?”

வாசலில் நான் நினைத்த அதே வார்த்தைகள். அடுத்தவர் வாயில் கேட்டபோதுதான் எத்தனை கேவலம் என்று தெரிந்தது.

சொல்தா வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் மீசை துடித்தது. “நீ மோர் குடிச்சவன்தான?” என்றார். “ஆமா சார், பத்திரிகைல வேலை, இவளுக்கு மாமா, ரெண்டும்தான்” என்றேன். “அப்ப வாசல்ல ஏன் சொல்லல?” ரெஜினாவின் பள்ளி அடையாளத் தாள்களை எடுத்துக் காட்டினார்கள். “போட்டோ ஒட்றது பெரிய கஷ்டமா?” என்றார் ஞானசேகர். கடைசியில் சொல்தா தீர்ப்பு சொன்னார்: அம்மா நேரில் வர வேண்டும். வந்து, இவன் என் தம்பி என்று சொன்னால் ஆட்டம். இல்லையென்றால் ஏழாம் நம்பர் வெளியே.

ரெஜினா வெடித்து அழுதாள். புதுச்சேரி அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். ஆடவில்லை என்றால் அவ்வளவுதான். “நாலு வருசமா ஆடறேன். ஒன்னால ஒரு நிமிசத்துல போச்சு” என்றாள் என்னிடம். “நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்று எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சொல்லித் தொலைக்காத! வெளியாள உள்ள விட்டோம்னு மொத்த டீமையும் தூக்கிடுவாங்க!”

மேட்டுப்பாளையத்துக்குப் போன் போனது. அரை மணி நேரம் மைதானம் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடலாமா என்று பார்த்தேன். இரண்டு கேட்டிலும் ஆள் நிறுத்தியிருந்தார் சொல்தா. ராணுவத்துப் பழக்கம்.

கம்பெனி கோட்டும் தலையில் வலைத் தொப்பியுமாக ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். பிலோமினா. ரெஜினாவின் அம்மா. கமலா டீச்சர் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்: “உங்க தம்பின்னு ஒருத்தர் வந்திருக்கார். ஆமான்னா ரெஜினா ஆடலாம். இல்லன்னா அவ வெளிய போயிடணுமாம்.”

பிலோமினா என்னைப் பார்த்தார். என் பட்டையைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மகளைப் பார்த்தார். நான் கும்பிடுவதா காலில் விழுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிட்டே வந்து, கையை ஓங்கி விட்டார் பாருங்கள் ஓர் அறை. பளார்! கேலரியில் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று பயந்து அழுதது.

“எங்கடா போன இத்தன நாளா?”

ஞானசேகர் ஓரடி பின்னால் போனார்.

“ஒருத்திக்கோசரம் மதம் மாறி, ஊர வுட்டு ஓடினியே, கூடப் பொறந்தவ கீறாளா செத்தாளான்னு ஒரு போன் பண்ணியாடா? இப்ப எந்த மூஞ்சிய வச்சினு மால போட வந்த?”

ஞானசேகர் விடவில்லை. “அப்புறம் ஏன்மா உங்க பேரு கூட இவருக்குத் தெரியல?”

“தெரியாம இன்னா? சொல்ல மாட்டான். எம்பேர வாயால சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவன். அவ்ளோ ரோசம் தொரைக்கு!”

“மதாம்,” என்றார் சொல்தா மெல்ல, “நிச்சயமா உங்க தம்பிதானா?”

“என் தம்பியா இல்லாட்டி நான் ஏன் முசியே கண்டவன அடிக்கப் போறேன்?”

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கமலா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சொல்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் அழுதேன். அதை நடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. “அக்கா!” என்றேன். தானாக வந்தது.

ஆட்டம் நடந்தது. ரெஜினா என் மேலிருந்த ஆத்திரத்தை எல்லாம் எதிரணி மேல் காட்டினாள். ஒரே ரைடில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் விழுந்தபோது கேலரியே எழுந்து நின்றது. நீலச் சட்டை ஜெயித்தது. அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டுப் பேசியதை நானே பார்த்தேன். அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் பிலோமினா என் காலரைப் பிடித்தார்.

“யார்ரா நீ?”

சொன்னேன்.

“பேப்பர்காரனா? அதுக்கு எந்தம்பியா ஆவணுமா?”

“மாமான்னாதான் உள்ள விட்டாங்க.”

காலரை விட்டார். குரல் இறங்கிவிட்டது. “எனக்குச் சொந்த ஊரு காரைக்கால். கூடப் பொறந்தவங்க கெடையாது. இவ பெரிய மனுசி ஆனப்ப மாமன் சீர் செய்ய ஆளில்லாம, பக்கத்து வூட்டுக்காரர நிக்க வச்சேன். இப்ப மைக்குல ஊரறிய சொல்லியாச்சு. நாளைக்கி இல்லன்னு தெரிஞ்சா இவ ஜெயிச்சதும் இல்லன்னு ஆயிடும். இனிமே நீதான் மாமன். புரிதா?”

“புரியுது.”

“புரிதுக்கான்னு சொல்லு.”

“புரியுதுக்கா.”

ஆபீசுக்கு வந்து, வீங்கின கன்னத்தோடு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பிரமாதமாக எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் எங்கள் போட்டிப் பத்திரிகை கடைக்கு வந்துவிட்டது. முந்தின நாளே கமிட்டியிடம் முறையாக அனுமதி வாங்கி (அப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை) உள்ளே உட்கார்ந்திருந்தார் அவர்கள் ரிப்போர்ட்டர். முதல் பக்கத்தில், அக்கா அறையும் நொடியில் என் படம். ‘காதலுக்காக ஓடிய தம்பி: அக்காவுடன் சேர்த்து வைத்தது கபடி.’

எடிட்டர் அதை என் மேஜையில் போட்டார். “செய்தி எடுத்துனு வாடான்னா, செய்தியாவே வந்து நிக்கிறியே!” என்றார். வேலையை விட்டுத் துரத்தவில்லை. ராசிபலன் எழுதச் சொன்னார். நான் எழுதிய முதல் ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் ‘உறவினரால் உடல் உபாதை’ என்று போட்டேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா அதே பேப்பரோடு உட்கார்ந்திருந்தாள்.

“எவடா அவ?”

“எவளும் இல்லம்மா!”

“சரி, அது போவட்டும். இந்த அக்கா யாரு?” என்று அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். “எனக்குத் தெரியாம இவனுக்கு எங்கேர்ந்து வந்தா அக்கா?”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அந்தரத்தில் நின்றது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. நான்தான் சொன்னேனே, சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று. அது அம்மா வழி. அக்காவுக்குச் சொந்த ஊர் காரைக்கால் என்று நான் வாய்தவறிச் சொன்னதுதான் பெரிய தப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா காரைக்காலில் வேலை பார்த்திருக்கிறார். அம்மா அன்று ராத்திரி முழுக்க விரல் விட்டு வருஷக் கணக்குப் பார்த்தாள். ஒரு வாரம் அப்பாவின் ரசத்தில் உப்பு இல்லை.

ஆறேழு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்த்தபோது அது வெடித்தது. பெண் வீட்டார் உப்பளத்தில் விசாரித்திருக்கிறார்கள். “சரவணனா? அவருக்கு ஒரு அக்கா உண்டே, பிலோமினா” என்று சொன்னவர் சாட்சாத் சொல்தா முசியே. பெண்ணின் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மொத்தம் எத்தனை குடும்பம்?” என்று கேட்டுவிட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்காதான் வந்து காப்பாற்றினார். ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் அறை உட்பட எல்லாவற்றையும் சொன்னார். (அறையைச் செய்தும் காட்டினார்.) ரெஜினா அதற்குள் புதுச்சேரிக்காக ஆடிவிட்டு, ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் ஆகியிருந்தாள். “இனிமே உண்மைய தாராளமா ஊருக்கே சொல்லுங்க மாமா” என்றாள். பெரியப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். பெண் கொடுத்தார்கள்.

அம்மாவும் நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். முகூர்த்தத்தின்போது நான் ஒரு முடிச்சுப் போட்டதும் ஐயர், “நாத்தனார் யாரு? மீதி முடிச்சு போடுங்கோ” என்றார். ஒற்றைப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறவள் நாத்தனாருக்கு எங்கே போவாள்? சொந்தத்தில் இரண்டு பெண்கள் முன்னால் வந்தார்கள். அம்மா அவர்களை விலக்கிவிட்டு, கூட்டத்துக்குள் கையை நீட்டினாள். “பிலோமினா! எங்க போய் நிக்கற? இவனுக்கு அக்கான்னு இருக்கறது நீ ஒருத்திதானே? வா, வந்து முடிச்சப் போடு.” அக்கா கழுத்துச் சிலுவையை ஒரு முறை தொட்டுக்கொண்டு வந்து, கண்ணில் நீர் ஒழுக ஒழுக மற்ற இரண்டு முடிச்சையும் போட்டார். அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்ல என்ன வெட்கம்?

அந்த நேரம் பார்த்துப் போட்டோகிராபர் ஒரு படம் எடுத்துவிட்டார். குனிந்து முடிச்சுப் போடுகிற அக்கா, பின்னால் எட்டிப் பார்க்கிற அப்பா. இன்றைக்கும் யாராவது வந்து ஆல்பத்தைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் அம்மா கை வைத்து நிறுத்துவாள். விரலை அக்காவின் மூக்கில் வைப்பாள். அப்படியே நகர்த்தி அப்பாவின் மூக்கில் வைப்பாள். வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்பாள் அம்மா. “போட்டோவ நீங்களே பாருங்க.”

அப்பா எழுந்து பால் வாங்கப் போய்விடுவார். வீட்டில் பால் இருக்கும்.